பாலாற்றுக்கு நீல வண்ணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஓவியப் போட்டிகளில் ஆண்டுதோறும் தரப்படும் ‘இயற்கைக் காட்சி’ என்னும் தலைப்பைப் பற்றி, ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அண்மையில் வேலூரில் ஒரு போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன், தென்னை, குடிசை, கீழே ததும்பும் நீல ஆறு என ஏறக்குறைய எல்லாத் தாள்களும் ஒன்றுபோலவே இருந்தன. வரைந்த பிள்ளைகளோ, 2021 வெள்ளம் போன்ற சில நாள்கள் நீங்கலாக, பாலாற்றை மணலும் சீமைக்கருவேலமுமாகவே பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு சிறுமி மட்டும் ஆற்றைப் பழுப்பில் தீட்டி, மணலில் ஊற்று தோண்டிக் கொட்டாங்குச்சியால் நீரை மொண்டு குடத்தில் ஊற்றும் பாட்டியை வரைந்திருந்தாள். ‘காட்சி அழகாக இல்லை’ என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். நான் வாதாடியும் பலனில்லை.

இயற்கையை மனிதரோடு சேர்த்தே காட்டும் கலைஞர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். பின்லாந்தின் வடகோடியில், உட்ஸ்யோகி என்னும் ஊரில் வாழும், ‘சாமி’ எனப்படும் பழங்குடி இனத்தைச் சேர்ந்த கலைஞர் ஓவுட்டி பியெஸ்கி, தம் மக்களின் மலைகளைச் சொல்ல நூலையே எடுத்துக்கொள்கிறார். சாமிப் பெண்கள் அணியும் சால்வையின் குஞ்சங்களைப் போல, பல பெண்கள் கூடியிருந்து முடிந்த நூல்கள் அவருடைய படைப்புகளில் மலைத்தொடராகத் தொங்குகின்றன. அவர் ஊரை ஒட்டி ஓடும் தெனோ ஆற்றில், மீன் வரத்துக் குறைந்ததால் 2021இல் சால்மன் மீன் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆற்றின் மேல் சாமி மக்களுக்குள்ள உரிமையும் அவர் கலையில் இடம்பெறுகிறது. அதே நாட்டில் இன்னும் தெற்கே, சுவோமுஸ்ஸால்மி என்னும் ஊரில் நெடுஞ்சாலையோர வயலில், நடனக் கலைஞர் ரெய்யோ கேலா நிறுத்திய ஏறத்தாழ 1,000 உருவங்கள் நிற்கின்றன. நம் சோளக்கொல்லைப் பொம்மைகளைப் போன்ற அவற்றுக்குச் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த மண்கட்டிதான் தலை. ஆண்டுக்கு இருமுறை ஊரார் தந்த துணிகளை அவற்றுக்கு மாற்றி உடுத்திவிடுகிறார்கள். இவற்றிலெல்லாம் மனிதரை விலக்கி வைத்த இயற்கை இல்லை.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டதைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பளித்த மாவட்டம் இது. மயானக் கொள்ளையன்று அம்மனைத் தோளில் சுமந்து வரும் கூட்டம் வந்து சேர்வதும் அதே ஆற்றங்கரைக்குத்தான். இத்தனையும் அறிந்த பிள்ளைகளிடம் நாம் இல்லாத நீலத்தைக் கேட்கிறோம். வரும் ஆண்டு முதலேனும், போட்டி நடத்துவோர் அந்தத் தலைப்பை விடுத்து, ‘எங்கள் ஊர் ஆறும் நாங்களும்’ என்று கொடுக்கும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
காட்பாடி.