எரிவாயு ஆலைகளுக்கும் உமிழ்வு அளவுகோல் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்திய அரசு 2023-இல் அறிவித்த கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தின்கீழ் சிமென்ட், அலுமினியம், காகிதம் போன்ற துறைகளுக்கு, ஒரு டன் உற்பத்திக்கு, புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வு இவ்வளவுதான் என்று இலக்கு வகுக்கப்படுவதைப் போல, இயற்கை எரிவாயுவைச் சுத்திகரிக்கும் ஆலைகளுக்கும் தனி அளவுகோல் வகுக்க வேண்டும்.

அதை வகுக்கும் முறையில்தான் கவனம் தேவை. கிணற்றிலிருந்து வரும் வாயுவிலேயே கரியமில வாயு கலந்திருக்கிறது. கரியமில வாயுவை உறிஞ்சும் அமீன் என்ற வேதிக் கரைசலால் ஆலையில் பிரிக்கப்படும் அது, பிடித்து வைக்க ஏற்பாடு இல்லாவிட்டால், அப்படியே காற்றில் விடப்படுகிறது. இதன் அளவு கிணற்றுக்குக் கிணறு மாறுவதால், இதையும் கம்ப்ரஸர், கொதிகலன் ஆகியவற்றின் எரிபொருள் உமிழ்வையும் ஒரே கணக்கில் சேர்த்தால், சிக்கனமாக இயங்கும் ஆலை தண்டிக்கப்பட்டு, வீணடிக்கும் ஆலை தப்பிவிடக்கூடும்.

காவிரிப் படுகையில் இரவுப் பேருந்தில் செல்வோர் வயல்களுக்கு அப்பால், வேண்டாத வாயுவை எரித்துவிடும் சுடரைப் பார்த்திருப்பார்கள். பலத்த காற்றில் அது படபடத்து மங்கும்போது எரியாமல் தப்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது. இதையும் வால்வுக் கசிவுகளையும் உத்தேசமாக எழுதாமல் கருவி வைத்து அளக்க வேண்டும்.

தொழிற்பேட்டை நாற்றத்தோடு வாழ்ந்து பழகிய எங்களுக்கு, ஆலைகள் தாமே எழுதித் தரும் கணக்கில் நம்பிக்கை குறைவு. எனக்கு அறவே இல்லை. அளவீடுகளை மாதந்தோறும் தமிழில் வெளியிட உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கடலூர் முதுநகர்