பெயர் அறியாத சக பயணிக்கு நன்றி
வேலையை விட்டு, பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வேறொரு நாட்டில் குடியேறப் புறப்பட்ட அன்று, விமான நிலைய வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மா, இந்த நன்றி உங்களுக்கு. சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்துவிடக்கூடும், உறைந்ததை உருகிய பின்னும் பயன்படுத்தக் கூடாது என்று விளக்கி, என் தந்தையின் மருந்தை மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே வைக்கச் சொன்னீர்கள். நேர மண்டலம் மாறுவதால் ஊசி போடும் நேரத்தை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளவும் நினைவூட்டினீர்கள்.

அதைவிடப் பெரிது, இந்த வயதில் இடம்பெயர்வதை எண்ணிக் கலங்கியிருந்த அவருடைய அச்சத்தை மறுக்காமல், விமானம் ஏறும்வரை அருகில் அமர்ந்து கேட்டது. நாங்கள் புது வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவர் விட்டுச்செல்லும் வீட்டைப் பற்றி விசாரித்தவர் நீங்கள் ஒருவர்தான். அவர் மனம் தேறத் தொடங்கியது அந்த உரையாடலிலிருந்துதான் என்று உறுதியாக நம்புகிறேன்.