குந்தியிருக்கும் எட்டுப் பேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதினைந்து வருடமாகக் காலையில் தியானம் செய்கிறேன், மனம் அடங்கியபாடில்லை. போன சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறையில் பேத்தியின் கோ-கோ ஆட்டம் பார்க்கப் போனேன்.

துரத்தும் அணியில் ஒன்பது பேர். ஓடுவது ஒருத்திதான். மற்ற எட்டுப் பேர் நடுவரிசையில், ஒருத்தி இந்தப் பக்கம், அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்துக் குந்தியிருப்பார்கள். துரத்துகிறவள் பின்னாலிருந்து தொட்டு 'கோ' சொன்னால்தான் எழலாம், முந்தினால் தவறு. சொன்னவள் எழுந்தவளின் கட்டத்திலேயே உட்கார வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் ஓடுகிற எதிரணிக்காரியை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு உட்காருவது! மளிகைக் கடைக் கல்லாவை மகனிடம் கொடுத்து நாலு வருடமாகிறது. இன்னமும் சாயங்காலமானால் கணக்கு நோட்டைப் புரட்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் புழுதி முகத்தில் அடித்தது. பேத்திக்கு வெகுநேரம் 'கோ' வரவே இல்லை. பக்கத்தில் ஓர் அப்பா "ஓடு மோளே" என்று கத்த, நானும் வெட்கமில்லாமல் "எந்திரி கண்ணு" என்று கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் பஸ்ஸில், "சும்மா உட்கார்ந்திருக்கச் சலிப்பா இல்லையா?" என்று கேட்டேன்.

"சும்மாவா? குதிகாலைத் தூக்கியே வெச்சிருக்கணும் தாத்தா."

வீட்டுக்கு வந்து நானும் அப்படிக் குந்திப் பார்த்தேன். அரை நிமிடம். எழுப்பிவிட மகன் வரவேண்டியதாயிற்று.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்