மருந்துச் சீட்டில் ஓடிய ஆஸ்பத்திரிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சீன மருத்துவக் காப்பீட்டுக் கட்டுரையைப் படித்தேன். அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் காப்பீடு இருக்கிறது என்பது சரிதான். ஆனால் கட்டுரை, அரசு பெரிய மருத்துவச் சீர்திருத்தத்தை அறிவித்த 2009-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பதினைந்து வருடக் கதையை விட்டுவிட்டால், எதைச் சரிசெய்ய அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதே விளங்காது. 2004 முதல் ஐந்து வருடம் குவாங்சோவில் ஒரு துணி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

2006-இல் எனக்குக் காய்ச்சல் வந்து அங்கே ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். சீட்டு வாங்க ஒரு வரிசை, ஐந்து யுவான். டாக்டர் பார்த்தது இரண்டு நிமிடம். அவர் எழுதியதைக் கொண்டுபோய்ப் பணம் கட்ட இன்னொரு வரிசை. ஆன்டிபயாடிக், மூலிகைப் பொட்டலம், மூன்று நாளைக்கு டிரிப்ஸ் என்று கிட்டத்தட்ட நானூறு யுவான் ஆகிவிட்டது. டிரிப்ஸ் ஏற்றுவதற்கென்றே தனியாக ஒரு கூடம். கூரையிலிருந்து வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு பாட்டில், கீழே நாற்காலியில் ஒரு ஆள். பாதிப் பேருக்கு வெறும் சளிதான். கூட வந்த அலுவலகப் பெண்ணிடம் இதுக்கெல்லாம் எதற்கு ஊசி என்று கேட்டேன். "ஐந்து யுவான் சீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?" என்றார்.

விஷயமே அதுதான். ஏழைகளும் வர வேண்டும் என்று டாக்டரைப் பார்க்கும் கட்டணத்தை அரசு மிகக் குறைவாக வைத்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தரும் மானியத்தைச் சுருக்கிவிட்டது. அதற்குப் பதிலாக, மருந்தை வாங்கிய விலைக்கு மேல் 15 சதவீதம் வைத்து விற்றுக்கொள்ளலாம் என்றது. நோயாளியைப் பார்த்தால் நஷ்டம், மருந்து எழுதினால் லாபம். அதிலும் விலை உயர்ந்த மருந்து என்றால் 15 சதவீதமும் பெரிதாக வரும். அப்புறம் மலிவான மாத்திரையை யார் எழுதுவார்?

இந்த ஓட்டை இருக்கும்போதே காப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு, 1951-இல் வந்த தொழிலாளர் காப்பீட்டில், மருத்துவச் செலவை ஆலையே ஏற்றது. குடும்பத்தாருக்கும் பாதிச் செலவு கிடைத்தது. சந்தைப் பொருளாதாரம் வந்ததும் நஷ்டத்தில் ஓடிய ஆலைகளால் பில் கட்ட முடியவில்லை. 1994-இல் சென்ச்சியாங், சியூச்சியாங் என்ற இரண்டு ஊர்களில் சோதனை நடந்தது. 1998 டிசம்பரில் நாடு முழுக்க நகரத் தொழிலாளர்களுக்குப் புதிய திட்டம் வந்தது: சம்பளத்தில் முதலாளி 6 சதவீதம், தொழிலாளி 2 சதவீதம். ஒரு பகுதி அவரவர் சொந்தக் கணக்குக்கு, மீதி பொது நிதிக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைவி, பிள்ளைகள் திட்டத்திலேயே இல்லை. அதே காலத்தில்தான் அரசு ஆலைகளில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் வேலை போனது.

அந்த அலுவலகப் பெண்ணின் அம்மாவும் அதில் ஒருவர். நூற்பாலையில் இருந்தபோது ஆலை மருந்தகத்துக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே போவாராம். ஆலை மூடிய பிறகு, முன்பணம் கட்டினால்தான் ஆஸ்பத்திரியில் படுக்கை. 1980 வாக்கில் சீனாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது ஐந்தில் ஒரு பங்கு. 2001-இல் அது 60 சதவீதத்தைத் தொட்டது. 2005-இல் அரசாங்கத்தின் சொந்த ஆய்வு மையமே இந்தச் சீர்திருத்தம் பெரும்பாலும் தோல்வி என்று எழுதியது. அந்த நாட்டில் அப்படி எழுதுவது சின்ன விஷயமில்லை.

2009-க்குப் பிறகு நடந்தவற்றில் காப்பீட்டு அட்டையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இந்த 15 சதவீதத்தை ஒழித்ததுதான். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. சென்சென் நகரம் 2012-இல் முந்திக்கொண்டது. 2017-க்குள் எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் நின்றது. அந்த வருடம் பெய்ஜிங் பெரிய ஆஸ்பத்திரிகளில், பழைய சீட்டுக் காசை எடுத்துவிட்டு, டாக்டர் பார்ப்பதற்கென்றே 50 யுவானும் அதற்கு மேலும் கட்டணம் வைத்தார்கள். அதில் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. 2018 டிசம்பரில் பதினொரு நகரங்கள் சேர்ந்து 25 மருந்துகளை மொத்தமாக ஏலத்தில் எடுத்தன. விலை சராசரியாகப் பாதிக்கு இறங்கியது. இப்போது மருந்துக்குப் பதில் ஸ்கேனில் தேற்றுகிறார்கள் என்ற புகாரும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். சொந்தக் கணக்கில் விழும் தொகையைக் குறைத்தபோது, 2023 பிப்ரவரியில் வூஹானில் ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

போன வருடம் அந்தப் பெண்ணிடம் போனில் பேசினேன். அம்மாவுக்குச் சளி பிடித்ததாம். டாக்டர் டிரிப்ஸ் வேண்டாம், வெந்நீர் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். வைத்தியமே தெரியாத ஆள் என்று திட்டிவிட்டு, அம்மா அன்றைக்கே வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாராம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்