சித்தப்பாவுக்கு, பிட்ஸ்பர்க்கிலிருந்து

பிட்ஸ்பர்க்
அக்டோபர் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத குளிர் வந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் பேஸ்பாலில் அப்படி என்னதான் கண்டார்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் எழுதிய கை உங்களுடையது, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

டவுன்டவுனிலிருந்து 61 வரிசை பஸ் ஏதாவது ஒன்றில் ஏறினால் ஓக்லண்டில் இறங்கலாம். பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே, கொடி படர்ந்த செங்கல் சுவர் ஒன்று நிற்கும். 1909இல் திறந்து 1970இல் மூடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் மிஞ்சியது அது. ஒவ்வொரு அக்டோபர் 13ஆம் தேதியும் அதன் அடியில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, அமெரிக்க பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் (வேர்ல்ட் சீரிஸ்) 1960ஆம் வருடத்து ஏழாவது ஆட்டத்தின் வானொலிப் பதிவை ஒலிக்க விடுகிறார்கள். மதியம் 1 மணிக்குத் தொடங்கினால்தான், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பில் மாசரோஸ்கி அடித்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தைச் சுவருக்கு வெளியே அடிப்பது) அன்று விழுந்த அதே 3.36க்கு விழும்.

எதிரணி நியூயார்க் யாங்கீஸ். அந்தத் தொடரில் அவர்கள் வென்ற மூன்று ஆட்டங்களின் கணக்கு 16-3, 10-0, 12-0. ஏழு ஆட்டத்தையும் கூட்டினால் யாங்கீஸ் 55 ரன், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 27. கோப்பை பைரேட்ஸுக்கு! ஒரு ஆட்டத்து ரன் அடுத்த ஆட்டத்துக்கு உதவாது, நான்கு ஆட்டம் ஜெயித்தால் போதும்.

எல்லோரும் ஹோம் ரன்னைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் ஆட்டம் திரும்பியது எட்டாவது இன்னிங்ஸில். பைரேட்ஸ் 4-7 என்று பின்தங்கியிருந்தது, முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நான்கு முனைகளில் முதலாவது) ஒரு ஆள். பில் விர்டன் தரையோடு அடித்த பந்து நேராக யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) டோனி குபெக்கிடம் போனது. இரண்டு அவுட் கிடைக்க வேண்டிய பந்து. கெட்டித்தட்டிப்போன தரையில் அது திடீரென எகிறி அவர் தொண்டையில் அடித்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அவுட் ஒன்றும் இல்லை.

யாங்கீஸுக்கு அடுத்தது இன்னும் மோசம். ஸ்கோர் 5-7, இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் இன்னிங்ஸ் முடியும். பைரேட்ஸின் ராபர்டோ கிளமென்டே அடித்த பந்து முதல் பேஸ் பக்கமாக மெதுவாக உருண்டது. முதல் பேஸ்காரர் பந்தை எடுக்க முன்னே வந்துவிட்டால், பிட்சர் (பந்து வீசுபவர்) ஓடிப்போய் அந்தப் பேஸை மிதிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன்களுக்கே இதைத்தான் முதலில் பழக்குகிறார்கள். பிட்சர் ஜிம் கோட்ஸ் போய்ச் சேரவில்லை. பந்து முதல் பேஸ்காரர் ஸ்கௌரன் கையில் இருந்தும் எறிய ஆள் இல்லை. இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் ஸ்கோர் 6-7 ஆனது. அடுத்து வந்த ஹால் ஸ்மித் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், 9-7.

கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் யாங்கீஸ் 9-9 என்று சமன் செய்தது. யாங்கீஸின் யோகி பெர்ரா அடித்ததை எடுத்த பைரேட்ஸின் முதல் பேஸ்காரர் ராக்கி நெல்சன் உடனே முதல் பேஸை மிதித்துவிட்டார். பெர்ரா அவுட், ஆனால் முதல் பேஸில் இருந்த மிக்கி மான்டில் இனி இரண்டாவது பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. அவரைப் பந்தால் தொட்டால்தான் அவுட். மான்டில், நெல்சனின் கைக்கு அடியில் நழுவி முதல் பேஸுக்கே பாய்ந்து திரும்ப, மூன்றாவது பேஸில் இருந்தவர் ரன் எடுத்தார். முதலில் இரண்டாவது பேஸுக்கு எறிந்திருந்தால் அங்கேயே ஆட்டம் முடிய வழி இருந்தது.

அப்புறம்தான் மாசரோஸ்கி. யாங்கீஸ் பிட்சர் ரால்ஃப் டெரியின் இரண்டாவது பந்து, இடப்பக்கச் சுவருக்கு மேலே போய்விட்டது. கீழே பெர்ரா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். 10-9. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் இப்படி ஹோம் ரன்னோடு முடிந்தது அந்த ஒருமுறைதான். டெரியைப் பாவம் என்று நினைக்காதீர்கள், 1962இல் ஏழாவது ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்துக் கொடுத்தவரும் அவரே.

வானொலியில் அறிவிப்பாளர் சக் தாம்சன், பந்து வீசியவர் ஆர்ட் டிட்மார் என்று தவறாகச் சொல்கிறார். போதாததற்கு ஸ்கோரையும் 10-0 என்று சொல்லிப் பிறகு திருத்துகிறார். பல வருடம் கழித்து ஒரு பியர் விளம்பரம் அந்தக் குரலைப் போட, டிட்மார் வழக்குப் போட்டுத் தோற்றார்.

உங்களுக்குப் பிடிக்கிற சேதி ஒன்று: இரண்டு அணியிலும் சேர்த்து அந்த ஆட்டத்தில் ஒரு ஸ்ட்ரைக்-அவுட்கூட (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி பேட்டர் அவுட்டாவது) இல்லை.

ஆட்டத்தின் முழுப் படமும் தொலைந்தது என்றே இருந்தார்கள். அப்போது பைரேட்ஸின் பங்குதாரராக இருந்த பாடகர் பிங் கிராஸ்பி வீட்டு ஒயின் நிலவறையில் 2009இல் கிடைத்தது. அதன் டிவிடியை ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். எட்டாவது இன்னிங்ஸிலிருந்து பாருங்கள், முதல் பேஸ் பக்கம் கண் இருக்கட்டும்.

சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்