வான்வெளி விதிகளை வகுப்போருக்கு ஒரு மாதிரி விமானியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆளில்லா வானூர்திகளுக்கான விதிகளை வகுக்கும் பொறுப்பில் இருக்கும் உங்களிடம், ரிமோட் கண்ட்ரோல் மாதிரி விமானங்களைக் கட்டுவதையும் பறக்கவிடுவதையும் நெடுங்காலமாகப் பொழுதுபோக்காகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். எங்கள் விமானங்களையும் தானாகவே நிலைகொண்டு பறக்கும் ட்ரோன்களையும் ஒரே பட்டியலில் சேர்த்து ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள். விதியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பயணிகள் விமானமும் தாழப் பறக்கும் மீட்பு ஹெலிகாப்டரும் போகிற அதே வானத்தைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம் என்பதால், கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு, பறக்கும் மைதானத்தில் நாங்கள் உண்மையில் என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தோற்றத்தில் இல்லை, பறக்கும் விதத்தில் இருக்கிறது. இன்று விற்பனையாகும் பெரும்பாலான கேமரா ட்ரோன்களில், கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டால் அது ஜிபிஎஸ்ஸின் துணையோடு நின்ற இடத்திலேயே நிற்கும். தொடர்பு அறுந்தால் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பி வரும். திரையைப் பார்த்தபடியே அதைக் கண்ணுக்கெட்டாத தொலைவுக்கும் அனுப்பலாம். நாங்கள் வழக்கமாகப் பறக்கவிடும் மாதிரி விமானத்துக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அதற்கு நிற்கத் தெரியாது. இறக்கைமீது காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது வானில் இருக்கும். விரலை எடுத்தால் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் போய்க்கொண்டே இருக்கும், காற்று அதைத் தள்ளும், சற்று நேரத்தில் சாய்ந்து தரையைத் தொடும். ஆகவே பறக்கவிடுபவர் ஒரு நொடிகூட அதிலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

கண்ணுக்கெட்டிய தொலைவுக்குள் பறக்க வேண்டும் என்பதை நீங்கள் விதியாக எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அது இயற்கையே விதித்த எல்லை. ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட விமானம் சில நூறு மீட்டர் தள்ளிப் போனதும் வானத்தின் பின்னணியில் ஒரு கருங்கீற்றாகச் சிறுத்துவிடும். அது நம்மை நோக்கிச் சாய்கிறதா, விலகிச் சாய்கிறதா என்பதே குழம்பிவிடும். நம்மை நோக்கி வரும்போது இன்னொரு சிக்கல்: விமானத்தின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகிவிடும். புதிதாகக் கற்பவருக்கு இங்கேதான் கை தடுமாறும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே குச்சியைத் தள்ளு, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுப்போம். யோசித்துச் செய்கிற நிலை மாறி விரல் தானாகச் செய்கிற நிலை வரும்வரை அவர் பயிற்சியாளர் இல்லாமல் பறக்கவிட மாட்டார். இந்தப் பழக்கத்தில் தேறிய ஒருவர், தன் விமானத்தைப் பார்வைக்கு அப்பால் அனுப்ப ஒருபோதும் விரும்ப மாட்டார். அனுப்பினால் அது திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும்.

பறப்பதற்கு முன் நடப்பவற்றையும் நீங்கள் அறிய வேண்டும், ஏனெனில் பாதுகாப்பு பெரும்பாலும் அங்கேதான் அமைகிறது. முந்தைய நாளே பேட்டரிகளில் வேலை தொடங்கிவிடும். நாங்கள் பயன்படுத்தும் லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட்; பறக்காத நாட்களில் அதை 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுவிடும். உப்பிப்போன பேட்டரியை யாரும் விமானத்தில் ஏற்றுவதில்லை. தீப்பிடிக்கக்கூடியது என்பதால் ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடுவதும் இல்லை.

மைதானத்துக்கு வந்ததும் இறக்கைகளைப் பொருத்தி, இரண்டு ஆள்காட்டி விரல்களின் நுனியில் விமானத்தைத் தாங்கிப் பார்ப்போம். சாதாரண அமைப்புள்ள விமானத்தில், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே எடைமையம் விழ வேண்டும். மூக்கு இலேசாகத் தாழ்ந்து நின்றால் சரி. வால் கனத்திருந்தால் அந்த விமானம் முழுதாகத் தரைக்கு வருவது அரிது. பிறகு எங்கள் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, அடுத்ததாக விமானத்தின் பேட்டரியை இணைப்போம். அணைக்கும்போது இந்த வரிசை தலைகீழாகும். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஏலரான் என்ற மடல் மேலே எழ வேண்டும், இடது ஏலரான் கீழே இறங்க வேண்டும். பழுது பார்த்தபோது, இந்த மடல்களை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் இயக்கம் எதிர்த்திசைக்கு மாறிப்போயிருந்தால் அது இங்கே தெரிந்துவிடும். தெரியாமல் மேலெழுந்த விமானம் சில நொடிகளில் தரையில் குத்தும். அதன்பின் டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த திறனில் வைத்துக்கொண்டு முப்பது தப்படி தூரம் நடந்து போவோம். விமானத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர், வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் திசை திருப்பும் ரடரும் நடுக்கமின்றி அசைகின்றனவா என்று பார்த்துக் கையசைப்பார். கடைசியாக, விமானத்தை இறுகப் பிடித்தபடி டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்ப்போம்: அலைத் தொடர்பு அறுந்தவுடன் மோட்டார் நின்றாக வேண்டும். எந்த அதிகாரியும் நேரில் வந்து மேற்பார்வை செய்யாமலேயே, விமானம் ஓட்டுவோரின் முன்சோதனைக்கு இணையான ஒழுங்கு எங்கள் மைதானங்களில் நாள்தோறும் நடக்கிறது.

இந்த ஒழுங்கு எங்களிடம் புதிதாக முளைத்ததும் அன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்கள் பரவுவதற்கு முன், அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ் என்று குறிப்பிட்ட அலைவரிசைகளில் சில சேனல்கள் மட்டுமே இருந்தன. ஒருவர் பறக்கவிடும்போது அதே சேனலில் இன்னொருவர் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் போதும், பறப்பது கீழே விழும். அதனால் மைதானங்களில் ஒரு பலகையில் சேனல் எண்ணிட்ட கிளிப்புகளை மாட்டி வைத்து, தன் சேனலின் கிளிப் கையில் இல்லாதவர் டிரான்ஸ்மிட்டரைத் தொடக்கூடாது என்று பறக்கவிட்டவர்களே வழக்கம் செய்துகொண்டார்கள். இன்றைய கருவிகளில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, அலைகளும் பரந்த வரிசையில் சிதறிச் செல்வதால் அந்தப் பலகைக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. ஆனால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் புறப்படக்கூடாது, தரையிறங்கும் முன் உரக்கச் சொல்ல வேண்டும், இயந்திரம் நின்றுபோன விமானத்துக்கு எல்லாரும் வழிவிட வேண்டும் என்ற பழக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

இனி உயரத்துக்கு வருகிறேன். பல நாடுகளின் விதிகளில் 120 மீட்டர் என்ற எல்லை இருக்கிறது. சாதாரணப் பயிற்சி விமானங்களுக்கு அது போதும். எஞ்சின் இல்லாத, அல்லது ஏறுவதற்கு மட்டும் மோட்டாரைப் பயன்படுத்தும் கிளைடர்களுக்கு அது போதாது. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றுத் தூணைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் வட்டமிட்டு உயர்வதுதான் அந்தக் கலையே. பருந்து எங்கே இறக்கையை அசைக்காமல் சுற்றுகிறது என்று பார்த்து அங்கே போய்ச் சேர்வோம். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. நடத்தும் எஃப்5ஜே என்ற மின்மோட்டார் கிளைடர் போட்டியின் விதியைப் பாருங்கள். மோட்டாரைத் தொடக்கத்தில் அதிகபட்சம் 30 நொடிகள் இயக்கலாம். ஏறிய உயரத்தை விமானத்துக்குள் இருக்கும் கருவி பதிவு செய்யும். 200 மீட்டர் வரை ஒவ்வொரு மீட்டருக்கும் அரைப் புள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 3 புள்ளி கழிக்கப்படும். தாழ்ந்த உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, காற்றை மட்டும் நம்பிப் பத்து நிமிடம் நிற்பவருக்கே வெற்றி. அவர் நல்ல காற்றுத் தூண் ஒன்றைப் பிடித்துவிட்டால் 120 மீட்டரை எளிதாகக் கடந்துவிடுவார். ஒரே எண்ணை எல்லோருக்கும் எழுதிவிட்டால் இந்த விளையாட்டே சட்டமீறலாகிவிடும். ஐரோப்பிய விதியை எழுதியவர்கள் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். 10 கிலோவுக்குக் குறைந்த கிளைடர், மலைச்சரிவில் தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் விலகிப் பறந்தாலும், பறக்கவிடுபவர் நிற்கும் மட்டத்திலிருந்து 120 மீட்டருக்கு மேல் உயராதவரை அதை ஏற்கிறார்கள்.

மின்னணு அடையாளம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆளில்லா வானூர்தியும் தான் யார், எங்கே இருக்கிறது என்று ஒலிபரப்பிக்கொண்டே பறக்க வேண்டும் என்ற விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. எங்கிருந்தோ கிளம்பி எங்கோ போகும் கருவிக்கு அது தேவைதான். எங்கள் விமானம் கிளம்பும் இடமும் இறங்கும் இடமும் ஒன்றே. அந்த இடத்துக்கு முகவரி இருக்கிறது, பொறுப்பேற்கும் சங்கம் இருக்கிறது, விமானத்தின்மேல் உரிமையாளரின் பதிவு எண்ணையும் ஒட்டிவிடலாம். அமெரிக்காவில் இந்த விதியை 2024 மார்ச் முதல் கண்டிப்புடன் செயல்படுத்தத் தொடங்கியபோதும், அங்கீகரிக்கப்பட்ட குறிப்பிட்ட மைதானங்களுக்குள் அடையாளக் கருவி இல்லாமல் பறக்க வழி வைத்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/947 எண்ணுள்ள ஒழுங்குமுறையின் 16ஆம் பிரிவு, மாதிரி விமானச் சங்கங்களுக்கென்று தனி அனுமதி வழங்க உறுப்பு நாடுகளுக்கு இடம் கொடுக்கிறது. வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

எங்களில் சிலருக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். டர்பைன் எஞ்சின் பொருத்திய ஜெட் மாதிரிகளையும், 25 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய விமானங்களையும் தனியாகச் சோதித்தே அனுமதிக்க வேண்டும். விமானத்தின் கேமரா காட்சியைக் காட்டும் திரைக்கண்ணாடியை அணிந்து பார்வைக்கு அப்பால் பறக்க விரும்புவோர் ட்ரோன் விதிகளுக்குள் வருவதே முறை. அவர்களில் என் நண்பர்களும் உண்டு. அவர்களிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.

மைதானத்தின் ஓரமாக நடந்து போகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, இதில் கேமரா இருக்கிறதா என்பதைத்தான். முன்பெல்லாம் எவ்வளவு தூரம் போகும், எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டார்கள். இப்போது அந்தக் கேள்வியில் ஐயம் கலந்திருக்கிறது. எங்கள் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்குள் பேட்டரியும் ரிசீவரும் நான்கைந்து சர்வோக்களும் தவிர வேறொன்றும் இல்லை. மூடியைத் திறந்து காட்டியதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். ஆனால் விதிப்புத்தகமே இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும்போது, பொதுமக்கள் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் எப்படி எதிர்பார்க்க முடியும்?

வரலாற்றில் இந்தப் பொழுதுபோக்குக்கு உள்ள இடத்தையும் எண்ணிப் பாருங்கள். 1871இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ ரப்பர் முறுக்கில் இயங்கும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டு, வாலின் அமைப்பால் விமானம் தானே நிலைகொள்ளும் என்று காட்டினார். அவருடைய வடிவமைப்பைப் பின்பற்றிச் செய்த ரப்பர் முறுக்கு ஹெலிகாப்டர் ஒன்றைத்தான் 1878இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்களுடைய தந்தை வாங்கிவந்து கொடுத்தார். 1930களின் பிற்பகுதியில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் வானொலி அலையால் இயக்கிய மாதிரி விமானம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. மனித ஆற்றலால் மட்டுமே பறந்து 1977இல் கிரெமர் பரிசை வென்ற காஸமர் காண்டரை வடிவமைத்த பால் மக்ரெடி, இளமையில் மாதிரி விமானப் போட்டிகளில் பெயர் பெற்றவர். பால்சா என்ற இலேசான மரத்தை வெட்டி, ஒட்டி, மெல்லிய பிலிமால் போர்த்தி, அது ஏன் பறக்கிறது என்று தானே கண்டுபிடிக்கும் ஒரு சிறுவனுக்கு எந்தப் பாடப்புத்தகமும் தராத அறிவு கிடைக்கிறது. வேகம் குறைந்த நிலையில் எலிவேட்டரை இழுத்தால் ஒரு இறக்கை திடீரென்று சரிவதை ஒரு முறை கண்ணால் பார்த்தவன், தாங்குவிசை எப்போது கைவிடும் என்பதை மறக்கமாட்டான். அந்தச் சிறுவன் தன் முதல் நுரை விமானத்தைத் தொடும் முன்பே படிவங்களையும் கட்டணங்களையும் கருவிகளையும் அவன்முன் குவித்தால், அவன் அந்த விமானத்தை விட்டுவிட்டுத் திரைக்கே திரும்பிவிடுவான்.

ஆகவே நான் கேட்பவை இவை. மாதிரி விமானத்துக்கு விதியில் தனி வரையறை கொடுங்கள்: பார்வைக்குள், கையால், பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ பறக்கவிடப்படுவது என்று. மைதானங்களைப் பதிவு செய்து, அந்த எல்லைக்குள் பறப்பதற்கான பொறுப்பைச் சங்கங்களிடம் ஒப்படையுங்கள். பொறுப்பில் தவறினால் அனுமதியைத் திரும்பப் பெறுங்கள். அருகில் விமான நிலையம் இல்லாத மைதானங்களில், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டோடு கலந்து பேசி, கிளைடர்களுக்கான உயர எல்லையை இடத்துக்கேற்ப உயர்த்துங்கள். பதினெட்டு வயது நிறையாதவர்கள் பதிவுபெற்ற பயிற்சியாளரின் மேற்பார்வையில், அவருடைய பதிவின்கீழேயே பறக்க வழிசெய்யுங்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன். வரைவு விதியில் கையொப்பம் இடுவதற்கு முன், அதை எழுதியவர்கள் காற்று அடங்கியிருக்கும் ஒரு காலை வேளையில் ஏதாவது ஒரு மாதிரி விமான மைதானத்துக்கு வர வேண்டும். எங்களிடம் பயிற்சிக்கென்று இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைக்கும் வசதி உண்டு. கற்பவர் கையில் ஒன்று இருக்கும், பயிற்சியாளர் கையில் மற்றொன்று; பயிற்சியாளர் தன் சுவிட்சை விட்ட கணமே கட்டுப்பாடு அவரிடம் திரும்பிவிடும். விமானத்தைப் பாதுகாப்பான உயரத்துக்கு ஏற்றி, கற்பவரின் டிரான்ஸ்மிட்டரை உங்களிடம் தருகிறோம். ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். விமானம் உங்களை நோக்கித் திரும்பும்போது எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்கிறோம். அதன் பிறகு உங்கள் வரைவை மேசைமேல் வைத்து வரி வரியாகப் பேசலாம்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஒரு மாதிரி விமானி