நம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள நம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை நன்றாகப் பெய்தது. நம்பியாற்றில் தண்ணீர் ஓடுகிறது, வாழை தப்பித்துவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. போனில் கூப்பிட்டால் "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

கைசிக ஏகாதசிக்குக் கோயிலுக்குப் போனேன். சித்தப்பா மகள் வடிவும் கூட வந்தாள். விடிய விடிய நாடகம். நம்பாடுவான் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரம்மராட்சசன் வந்ததும் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளை நீ. நம்பாடுவான் பாணர் குலத்தில் பிறந்தவன், கோயிலுக்கு வெளியே நின்றே பாடிவந்தவன். யாகத்தில் பிழை செய்து ராட்சசனாய்ப் போன பிராமணன் அவன் காலில் விழுந்து, பாட்டின் பலனைக் கொடு என்று கெஞ்சுகிறான். அந்தக் கைசிகப் பண்ணின் பலனைக் கொடுத்து அவனைக் கரையேற்றுவது இந்தப் பாணன்தான். நம்பாடுவான் கண்ணில் பெருமாள் பட வேண்டும் என்று கொடிமரம் விலகி நின்ற இடத்தை ஆச்சி உனக்கு எத்தனை தடவை காட்டியிருக்கிறாள்!

வடிவு கல்யாணத்தைப் பற்றி நம் குடும்பக் குழுவில் நீ எழுதியதை நான் கேட்கப் போவதில்லை. எழுதிவிட்டு வெளியேறியதைப் பற்றியும் கேட்கப் போவதில்லை. அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

2017-இல் ராமானுஜருக்கு ஆயிரம் ஆண்டு என்று ஊரெல்லாம் விழா எடுத்தார்களே, அப்போது நீ பேசி வாங்கிய கோப்பை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டாமல் என்னால் இருக்க முடியாது. திருக்கோட்டியூர் நம்பி பதினெட்டுத் தடவை நடக்கவிட்டுச் சொன்ன ரகசியத்தை, தனக்கு நரகம் வந்தாலும் வரட்டும் என்று ராமானுஜர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொல்லிவிட்டதை நீ பேசினபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆனால் எனக்கு அந்தக் கோபுரக் கதையைவிடப் பெரியது சாப்பாட்டுக் கதை. காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசின திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லிக்காரர், பிராமணர் இல்லை. அவரை வீட்டுக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ராமானுஜருக்கு ஆசை. அவர் வந்த நேரம் ராமானுஜர் வெளியே போயிருந்தார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் சாப்பாடு போட்டாள், போட்டபின் இலையை எறிந்து, இடத்தைக் கழுவி, குளித்தும்விட்டாள். திரும்பி வந்தவர் அதைப் பார்த்து எவ்வளவு நொந்துபோனார்! அவர் துறவுக்குப் போனதற்கு அப்படிப்பட்ட வருத்தங்களைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்குச் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் போட்ட இலையை எடுக்கும்போதுதான் நம் மனசு வெளியே தெரியும்.

அவருடைய குரு பெரிய நம்பியும் அப்படித்தான். ஒடுக்கப்பட்ட குலத்து மாறனேரி நம்பிக்கு அவரே இறுதிக் காரியம் செய்தார். ஸ்ரீரங்கமே அவரை ஒதுக்கிவைத்தது. ஏன் செய்தீர்கள் என்று ராமானுஜர் கேட்டபோது, ஜடாயுவுக்குச் செய்த ராமனைவிட நான் உயர்ந்தவனா என்று திருப்பிக் கேட்டாராம். அதைக் கேட்ட ராமானுஜர்தான் பின்னால் காவிரிக்குக் குளிக்கப் போகும்போது பிராமணச் சீடர் முதலியாண்டான் கையையும், குளித்துத் திரும்பும்போது தாழ்ந்த குலம் என்று ஊர் சொன்ன சீடர் பிள்ளை உறங்காவில்லி தாசர் கையையும் பிடித்து நடந்தார். குளித்தபின் அந்தக் கையைத் தொடலாமா என்று ஊர் கேட்டது. அவர் கையை விடவில்லை.

நம் பக்கத்துக் குருகூரில் பிறந்த நம்மாழ்வார் வேளாளர். சாதிகள் நாலுக்கும் கீழே இறங்கிக் கிடந்தாலும் பெருமாளுக்கு ஆளானவர்களின் அடியார்க்கு அடியாரே எனக்குத் தலைவர் என்று மூன்றாம் பத்தில் பாடியிருக்கிறார். அவர் பாடிய திருவாய்மொழிக்கு முதல் உரை எழுதச் சொன்னதே ராமானுஜர்தான், தன் சீடர் பிள்ளானிடம். புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னால் தமிழ் போகிறது, பின்னால் வேதம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

கர்நாடகத்து மேல்கோட்டையில் திருக்குலத்தார் என்று பெயரிட்ட ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வருஷத்தில் மூன்று நாள் கோயிலுக்குள் போக ராமானுஜர் வழி செய்தார் என்று அப்பா சொன்னபோது, "மூணே நாளா? மீதி நாள் என்ன செய்வாங்க?" என்று சாப்பிடாமல் எழுந்து போனாய். உனக்கு அப்போது பதினேழு வயசு. அந்தக் கோபத்தைப் பார்த்து நானும் அப்பாவும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? அந்தப் பிள்ளை குழுவில் அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டான். கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன், இருக்கட்டும்.

வடிவு பார்த்திருக்கும் பையனை நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சித்தப்பா போனபின் அந்த வீட்டுக்கு வந்து காய்ச்சலும் கணக்கும் பார்த்தவன் அவன். நல்ல பிள்ளை. அவன் அம்மா வந்து நம் வீட்டில் சாப்பிட்டாள், நானும் அவள் வீட்டில் சாப்பிட்டேன். உறவுக்காரர்கள் பேசுவதைப் பேசிக்கொள்ளட்டும். நீ அவர்களோடு சேர்ந்து பேசினதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண்விழிக்காதே.

தை மாதம் கல்யாணம், வள்ளியூர் மண்டபத்தில். பொரியிட அவளுக்கு உன்னைத் தவிர அண்ணன் இல்லை. இன்னொருவரை நிறுத்தலாம் என்று சித்தி சொன்னாள், வடிவு ஒப்புக்கொள்ளவில்லை. உன்மேல் அவள் ஒரு குறை சொல்லவில்லை. அண்ணனுக்கு எட்டு முழம் எடுக்கவா, நாலு முழமா என்று மட்டும் கேட்டாள். மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கினால் அப்பா கார் எடுத்து வந்துவிடுவார். டிக்கெட் விலை ஏறுவதற்கு முன்னால் போட்டுவிடு. வேட்டிக்கு அவளுக்கே போன் பண்ணிப் பதில் சொல், எனக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அம்மா